வீட்டில் பாட்டும் கிட்டாரும் பதிவு செய்ய எந்த மைக்? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

ஆறாம்தந்தி (வேளச்சேரி):

தங்கச்சி பாடுவாள், நான் கிட்டார். எங்கள் அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மொசைக் தரை, வெறும் சுவர், ஓர் இரும்பு பீரோ. நண்பன் தன் ரோட் என்டி1-ஏ கண்டென்சரை (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் மைக் வகை) கொண்டுவந்து கொடுத்தான். மேடைக்காக வாங்கிய ஷூர் எஸ்எம்58 ஏற்கெனவே கையில் இருந்தது, அது மின்சாரம் தேவைப்படாத டைனமிக் வகை. இரண்டையும் ஒரே இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகினோம். 58 உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, ரோட் ஓர் அடி தள்ளி. ஒரே பல்லவியை இரண்டிலும் எடுத்து, எது எந்த மைக் என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன்.

ரோட் ஓடியதும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள். "ஏண்ணா, என்னைப் பாத்ரூம்ல நிக்க வச்சு எடுத்தியா?" 58 ஓடியபோது கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். அந்த முகம் மறக்கவில்லை. ரோடை அன்றைக்கே நண்பனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் கேள்வி போகவில்லை. ஸ்டூடியோவில் குரலுக்குக் கண்டென்சரைத்தானே பெரும்பாலும் வைக்கிறார்கள்? 1966-ல் வந்த ஒரு டைனமிக் மைக் எங்கள் வீட்டில் அதை எப்படி ஜெயித்தது? இதே போல யாருக்காவது நடந்திருக்கிறதா?

முத்துக்குளி (தூத்துக்குடி):

எனக்குக் கண்டென்சர் என்றாலே ஐப்பசி ஞாபகம்தான். அப்பா பழைய பாட்டெல்லாம் பாடுவார், ஆனால் மைக்கைக் கண்டால் எழுந்து போய்விடுவார். அன்றைக்கு மழை, கரண்ட் இருந்தது, அவரே வந்து உட்கார்ந்தார். பல்லவி, அனுபல்லவி சுத்தமாக வந்தது. சரணம் எடுத்த இடத்தில் ஹெட்ஃபோனில் பட்... பட்... பட்டென்று வெடிப்பு. கேபிளை மாற்றினேன், கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஃபேண்டம் பவரை அணைத்துப் போட்டேன், நிற்கவில்லை. அப்பா சரணத்தை முடித்துவிட்டு எழுந்து சாப்பிடப் போய்விட்டார். அந்தப் பாட்டை அதற்கப்புறம் அவர் எனக்காகப் பாடவே இல்லை.

மைக்குக்குள் சத்தத்தைப் பிடிக்கும் பகுதியான கேப்ஸ்யூலில் ஈரம் ஏறியதுதான் காரணம். கண்டென்சருக்குள் இருக்கும் மின்னூட்டம் துளிகூடக் கசியாமல் நிற்க வேண்டும். ஈரம் படிந்தால் அது விட்டு விட்டுக் கசியும், அந்தக் கசிவுதான் வெடிப்பாகக் கேட்கிறது. ராத்திரி மைக்கை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன், காலையில் சத்தம் இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் ஒரு டைனமிக்கையும் கைவசம் வைத்திருங்கள். அப்பா அம்மாவைப் பதிவு செய்கிற நாளில் இரண்டையும் ஓடவிடுங்கள்.

பஞ்சாலை (கோவை):

ஆறாம்தந்தி தம்பி, நீங்கள் மைக்கை ஒப்பிடவில்லை, தூரத்தை ஒப்பிட்டிருக்கிறீர்கள். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனென்றால் "வீட்டுக்கு டைனமிக், ஸ்டூடியோவுக்குக் கண்டென்சர்" என்பதைக் கேட்டுக் கேட்டு எத்தனையோ பேர் நல்ல மைக்கை விற்றுவிட்டார்கள்.

தூரம் இரு மடங்கானால் குரல் நேராக வந்து சேரும் அளவு 6 டெசிபல் குறையும். சுவரில் பட்டு வரும் எதிரொலி அறைக்குள் எங்கே மைக்கை வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். உங்கள் 58 சுமார் 5 சென்டிமீட்டரில், ரோட் சுமார் 30-ல். ஆறு மடங்கு தூரம். குரலுக்கும் எதிரொலிக்கும் நடுவே 15 டெசிபலை நீங்களே ரோடுக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டுமே கார்டியாய்ட், அதாவது முன்னால் இருப்பதை அதிகம் பிடிக்கும் வகை. ஒரே இடத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிக் கேட்டால் அறைச் சத்தத்தில் இவ்வளவு வித்தியாசம் வராது.

"கண்டென்சர் வீட்டையே பிடிக்கும்" என்ற பேச்சும் இங்கிருந்துதான் வருகிறது. என்டி1-ஏ, 58-ஐவிட 22 டெசிபலுக்கு மேல் அதிக உணர்திறன் உள்ளது. கெயினை (இன்டர்ஃபேஸ் மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைக்காமல் மைக்கை மட்டும் மாற்றினால் ஃபேன், தெருநாய், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் காதில் வந்து விழும். கெயினைக் குறையுங்கள், குரலோடு சேர்ந்து அவையும் குறையும்.

ஸ்பெக்கில் போட்டிருக்கும் செல்ஃப் நாய்ஸையும், அதாவது மைக் தானே உண்டாக்கும் இரைச்சலையும், பார்த்துக் குழம்புகிறார்கள். என்டி1-ஏ 5 டெசிபல், ஆடியோ டெக்னிகா ஏடி2020 20 டெசிபல். தாளில் பெரிய வித்தியாசம். ஊர் அடங்கிய ராத்திரியிலும் நம் படுக்கையறை 30-ஐ ஒட்டித்தான் இருக்கும், சீலிங் ஃபேன் சுற்றினால் அதற்கும் மேல். முதலில் ஃபேனை நிறுத்துங்கள். அப்புறம் ஸ்பெக்.

மறுபடி ரோட் கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். வாய்க் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர் போட்டு ஒரு சாண் தூரம். அதற்கு மேல் கிட்டே போனால் அடிக்குரல் ஊதிப் போகும். தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் கொடியில் ரஜாயோ இலவம்பஞ்சு மெத்தையோ தொங்கட்டும். மைக்கின் முகம் பார்ப்பது அவர் பின்னால் இருக்கும் சுவரைத்தான், மெத்தை அங்கேதான் வேலை செய்யும். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும், கார்டியாய்டுக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். முட்டை அட்டை ஒட்டாதீர்கள். வெளிச்சத்தத்தை அது துளியும் தடுக்காது, எதிரொலியையும் சொல்லும்படியாகக் குறைக்காது.

என் கதை என்று கேட்டால் சின்னதுதான். மில் சங்கு ஊதும் நேரத்தில் மைக்கைத் திருப்பி முதுகை ஜன்னலுக்குக் காட்டினேன், சங்கு பாட்டுக்கு அடியில் போய்விட்டது. அன்றிலிருந்து நான் மைக் மாற்றவில்லை.

வைகைக்கரை (மதுரை):

58 பத்திப் பேசுறவங்க முதல்ல உங்க கையில இருக்கிறது அசல்தானான்னு பாருங்கண்ணே. போலி அதிகமா வர்ற மைக்குல அதுவும் ஒண்ணு. கடை பேரு சொல்லப் போறதில்ல. டப்பா, பை, கிளிப்பு எல்லாம் அச்சு அசலா இருந்துச்சு. பாடுனா குரல்ல அடியே இருக்காது, மேல மட்டும் கீச்சுன்னு வரும். எதிர் வீட்டு மாமா அந்தக் காலத்து சவுண்ட் சர்வீஸ்காரர். கையில வாங்குன உடனே, "மாப்ள, இது கனம் பத்தாதே"ன்னார். நேரா தெருமுனை மளிகைக் கடைக்குப் போனோம். உளுந்து நிறுத்துக்கிட்டிருந்த தராசுல மைக்கை வச்சார். கம்பெனி சொல்ற எடை 298 கிராம். இது அதுக்கு ரொம்பக் கீழ நின்னுச்சு. மாமா ஒண்ணும் பேசல, மைக்கை எடுத்து என் கையில குடுத்துட்டு நடந்துட்டார்.

காசு போனது கூடப் பெருசு இல்ல. அவ்வளவு நாளும் என் குரலே அப்படித்தான்னு நம்பிப் பாடுறதையே குறைச்சுட்டேன். அதுதான் இன்னும் உறுத்துது. எடை சரியா இருந்தாலும் அசல்னு முடிவு பண்ணிடாதீங்க. டீலர்கிட்ட பில்லோட வாங்குங்க.

பனைநிழல் (யாழ்ப்பாணம்):

நான் கிட்டாரை வாசிச்சுக்கொண்டே பாடுற ஆள். பாட்டை வேற, கிட்டாரை வேறயா எடுக்கச் சொல்லுவினம். எனக்கு அது ஏலாது, தனியா எடுத்தா தாளத்தில உயிர் இல்லாமல் போகும். ரெண்டு மைக் வச்சா குரல் மைக்கில கிட்டார் முழுக்க ஏறிவிடும். பிறகு குரலைக் கொஞ்சம் கூட்டினால் கிட்டாரும் சேர்ந்து எழும்பும்.

ஒரு அண்ணை வந்து என்ர ரோட் என்டி2-ஏ மைக்கைப் பார்த்தவர். அதில மூண்டு பேட்டர்ன் இருக்கு, எந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பிடிக்க வேணும் எண்டு மாத்திற வடிவங்கள். எட்டு வடிவத்துக்குத் தட்டிவிட்டு, மைக்கை மெல்லச் சரிச்சு, "இப்ப கிட்டாரை மட்டும் வாசி" எண்டார். ஹெட்ஃபோனில என்ர கிட்டார் தூரப் போயிட்டுது! கையில வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், காதில அரைவாசிதான் கேக்குது. மேல் மயிர் எல்லாம் எழும்பி நிண்டது. எட்டு வடிவத்துக்கு முன்னும் பின்னும்தான் காது, நேர் பக்கவாட்டில செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கம் கிட்டாரைப் பார்க்க வேணும், அவ்வளவுதான். பின்பக்கமும் கேக்கும் எண்டபடியால் பின்னால மெத்தை அவசியம்.

பஞ்சாலை ஐயா குரலைப் பற்றி இவ்வளவு எழுதினார், கிட்டாரைத் தொடவே இல்லை. கிட்டாருக்கு ஓட்டைக்கு நேர மைக் வைக்காதேங்கோ. உள்ளுக்க இருக்கிற காத்து 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும், தடிச்ச தந்தியில மூண்டாம் ஃப்ரெட்டில வாற ஜி 98 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் மட்டும் குதிச்சு எழும்பும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு சாண் தொடக்கம் ஓர் அடிக்குள்ள வையுங்கோ.

இரவுவண்டி (திருச்சி):

யூஎஸ்பி மைக். உதடு வலையில் பட்டதும் சுர்ரென்று ஒரு கடி, கூடவே அடியில் ம்ம்ம் என்று இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், இரண்டும் நின்றது. இரண்டு முள் சார்ஜர், எர்த் இல்லை. மைக்கில் குறை இல்லை. பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். வீட்டில் மூன்று முள் பிளக் இருந்தாலும் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

ஆறாம்தந்தி (வேளச்சேரி):

பஞ்சாலை ஐயா, தூரக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. பாடுகிற பிள்ளை ஒரு சாணில் அசையாமல் நிற்க வேண்டும். இவள் கையை ஆட்டி, தலையை அசைத்துத்தான் பாடுவாள். 58-ஐக் கையில் கொடுத்தால் மைக் அவளோடு போகிறது. அளவு நாடாவில் இது வராது. குரலுக்கு 58-ஐயே வைத்துக்கொள்கிறேன். கிட்டாருக்கு மட்டும் ஒரு கண்டென்சர் தேடுகிறேன். விரலால் மெதுவாக மீட்டும்போது 58-க்கு கெயினை அவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது, என் இன்டர்ஃபேஸ் சீறுகிறது.

பஞ்சாலை (கோவை):

அது நியாயம், தம்பி. மேடையில் பழகிய கை மைக்கில்தான் பாடும். கிட்டாருக்குச் சின்ன டயஃப்ரம் (சத்தத்தில் அதிரும் சவ்வு) உள்ளதாகப் பாருங்கள், பக்கவாட்டிலிருந்து வருவதையும் ஒலியின் தன்மை மாறாமல் பிடிக்கும். குரல் மைக் எது என்பதில் இனி நான் வாதாட மாட்டேன். முட்டை அட்டையில் மட்டும் இறங்கி வர முடியாது.

உப்புக்காற்று (நாகப்பட்டினம்):

முத்துக்குளி அண்ணன் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஆனால் அரிசி டின் வேண்டாம் அண்ணா, தயவுசெய்து. நானும் ஒரு மைக்கைத் திறந்து பார்த்திருக்கிறேன். தங்கப் பூச்சுப் பூசிய அந்தச் சவ்வு முழுக்க வெள்ளை மாவு. கேப்ஸ்யூலில் மின்னூட்டம் இருப்பதால் தூசியைத் தன் பக்கம் இழுக்கும், அரிசி மாவு போய் ஒட்டிக்கொண்டால் வீட்டில் வைத்துத் துடைக்க முடியாது. மெல்லிய சவ்வு, கிழிந்துவிடும். அரிசி ஈரத்தை இழுப்பதும் கொஞ்சம்தான்.

சிலிக்கா ஜெல் வாங்குங்கள். நீல மணி கலந்தது கிடைக்கும், ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். உணவுப் பாத்திரத்தில் போடாமல் தனியாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகிவிடும். ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத டப்பாவில் மைக்கும் ஜெல்லும் சேர்ந்து இருக்கட்டும். ஏசி அறையில் வைத்திருந்த மைக்கை நேரே மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்ச் செருகிவிடாதீர்கள், குளிர்ந்த உலோகத்தில் நொடியில் நீர் கோத்துவிடும். டப்பாவைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்து, பிறகு எடுங்கள்.

அப்பா இன்னும் பாடுகிறார் என்றால், அண்ணா, இந்த ஐப்பசிக்கு முன்பே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.