லினக்ஸ் மின்ட்டில் இருந்துகொண்டு விண்டோஸ் 11 பூட்டபிள் பென்டிரைவ் செய்வது எப்படி? மூன்று முறை முயன்றும் வரவில்லை

சென்னிமலைத் தம்பி:

என் அக்கா வீட்டில் இருந்தபடியே சென்னிமலையில் நான்கு போர்வைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். அவருடைய மடிக்கணினியின் எஸ்எஸ்டி சென்ற வியாழக்கிழமை பழுதாகிவிட்டது. 512 ஜிபியில் புதிதாக ஒன்று வாங்கி நானே மாட்டிவிட்டேன். இனி விண்டோஸ் 11 நிறுவ வேண்டும். அக்காவுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது, டாலிக்கு விண்டோஸ் வேண்டும். ஆகவே லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 20ஆம் தேதிக்குள் நான்கு கடைகளுக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். இன்று 16.

எங்கள் வீட்டில் வேறு விண்டோஸ் கணினி கிடையாது. என்னுடையது லினக்ஸ் மின்ட். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் நிறுவி முழுவதும் ஒரே கோப்பாக இருக்கும் ஐஎஸ்ஓவை இறக்கிவிட்டேன், ஐந்து ஜிபிக்கு மேல் இருக்கிறது. ஆனால் பென்டிரைவ் தயாரிக்க அவர்கள் தரும் கருவி விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது. அதே வேலைக்கான ரூஃபஸ் என்ற நிரலும் அப்படியே.

முதலில் மின்ட்டுடன் வரும் யுஎஸ்பி இமேஜ் ரைட்டரில் எழுதினேன். மின்ட்டை நிறுவும்போது இதே கருவிதான் கைகொடுத்தது. இப்போதும் பிழை எதுவும் காட்டாமல் எழுதி முடித்தது, ஆனால் அக்காவின் கணினியில் பூட் மெனுவில் பென்டிரைவின் பெயரே வரவில்லை. அடுத்து, கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில், கோப்பை அப்படியே டிஸ்க்கில் எழுதும் டிடி கட்டளை கொடுத்தேன், அதே கதை. மூன்றாவதாக, பென்டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்து, ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே இருந்ததை எல்லாம் நகலெடுத்தேன். 'இன்ஸ்டால்.விம்' என்ற கோப்பு வந்ததும், கோப்பு மிகப் பெரியது என்று சொல்லி நின்றுவிட்டது.

என்னிடம் 16 ஜிபி பென்டிரைவ்கள் இரண்டு உள்ளன. ஒரே நாளில் வாங்கியவை, இரண்டும் ஒரே நிறம். ஒன்றில் அக்காவின் டாலி பேக்கப் இருக்கிறது. இப்போது இரண்டும் என் கணினியில்தான் செருகியிருக்கின்றன. அடுத்து என்ன செய்யட்டும்?

கும்பகோணம் சர்வீஸ்:

தம்பி, மற்றதை எல்லாம் பிறகு பேசுவோம். முதலில் அந்த பேக்கப் பென்டிரைவைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்பாக உங்கள் கணினியில் அதற்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இரண்டு முறை எழுதியபோதும் சரியான பென்டிரைவில் எழுதினீர்கள் என்பதை நினைத்து எனக்கு இங்கே மூச்சு வந்தது.

நான் 2006 முதல் கணினி பழுது பார்க்கிறேன். 2014இல் ஒரு வாடிக்கையாளரின் வெளி ஹார்டு டிஸ்க்கும் என் பென்டிரைவும் ஒரே நேரத்தில் செருகியிருந்தன. என் பென்டிரைவுக்கு லினக்ஸ் வைத்த பெயரான எஸ்டிசி என்று அடிக்க வேண்டிய இடத்தில், அவருடைய டிஸ்க்கின் பெயரான எஸ்டிபி என்று அடித்துவிட்டேன். டிடி உங்களிடம் எதையும் திரும்பக் கேட்காது, சொன்ன இடத்தில் எழுதத் தொடங்கிவிடும். சில நொடிகளில் நிறுத்தியும், அந்த அம்மாவின் மறைந்த தந்தையின் படங்களில் பாதியைத்தான் இரண்டு நாள் போராடி மீட்டுக் கொடுக்க முடிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, அழுதார். அன்றிலிருந்து, எழுதும் நேரத்தில் எழுத வேண்டிய பென்டிரைவைத் தவிர வேறு எதையும் என் மேசையில் செருகியிருக்க விடுவதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் இரட்டைப் பிறவிகள். குறுந்தகட்டிலும் ஓட வேண்டும், பென்டிரைவிலும் ஓட வேண்டும் என்று திட்டமிட்டு, டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை ஒன்றைக் கோப்பின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அதனால் பைட்டுக்குப் பைட் எழுதினாலே போதும். விண்டோஸ் ஐஎஸ்ஓ டிவிடிக்காக மட்டும் கட்டப்பட்டது. உள்ளே இருப்பது யுடிஎஃப் கோப்பு முறைமை, பார்ட்டிஷன் அட்டவணை கிடையாது. அப்படியே எழுதினால் எழுத்து சரியாகவே முடியும், ஆனால் மதர்போர்டு அந்தப் பென்டிரைவில் படிக்க ஒன்றும் காணாது. இமேஜ் ரைட்டரும் டிடியும் செய்வது ஒரே வேலை என்பதால் இரண்டிலும் ஒரே விளைவு.

நீங்கள் கைவிட்ட மூன்றாவது வழிதான் சரியான வழி! யுஇஎஃப்ஐ என்ற தொடக்க நிரல் மதர்போர்டில் உள்ள கணினி, பென்டிரைவில் ஃபேட்32 பார்ட்டிஷனைத் தேடும். அதில் 'இஎஃப்ஐ' கோப்புறைக்குள் 'பூட்' கோப்புறையில் 'பூட்எக்ஸ்64' என்ற கோப்பு இருந்தால் அதை ஓட்டும், அவ்வளவுதான். அந்தக் கோப்பு விண்டோஸ் ஐஎஸ்ஓவிலேயே இருக்கிறது. ஆகவே வெறும் நகலெடுப்பே பென்டிரைவை பூட்டபிள் ஆக்கிவிடுகிறது, தனி மந்திரம் ஏதும் இல்லை. குறுக்கே நிற்பது ஒரே ஒரு கோப்பு. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டுகளைத் தாண்டக் கூடாது, இன்ஸ்டால்.விம் தாண்டுகிறது. அதை இரண்டாக வெட்டிவிட்டால் தீர்ந்தது.

மின்ட்டில் 'டிஸ்க்ஸ்' நிரலைத் திறந்து, பென்டிரைவை முழுமையாக ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறையில் ஃபார்மட் செய்து, ஒரே ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் போடுங்கள். ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்து, அதாவது ஒரு டிஸ்க்கைப் போலத் திறந்து, 'சோர்சஸ்' கோப்புறையில் இருக்கும் இன்ஸ்டால்.விம் நீங்கலாக எல்லாவற்றையும் நகலெடுங்கள். பிறகு மென்பொருள் மேலாளரில் 'விம்டூல்ஸ்' என்ற பொதியை நிறுவுங்கள். அதில் 'விம்லிப்-இமேஜெக்ஸ்' என்றொரு கட்டளை வரும். அதற்கு 'ஸ்பிளிட்' என்ற சொல், மூலக் கோப்பின் பாதை, பென்டிரைவின் சோர்சஸ் கோப்புறைக்குள் 'இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம்' என்ற புதிய பெயர், 3800 என்ற அளவு ஆகியவற்றை இதே வரிசையில் கொடுங்கள். 3800 என்பது ஒவ்வொரு துண்டுக்கும் எம்பி கணக்கில் உச்சவரம்பு. துண்டுகளை விண்டோஸ் நிறுவி தானே கண்டுகொள்ளும். இது குறுக்குவழி அல்ல, மைக்ரோசாஃப்டின் ஆவணங்களிலேயே உள்ள முறை.

நகலெடுத்து முடிந்ததும் உடனே பிடுங்காதீர்கள். லினக்ஸ் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று முதலில் காட்டிவிடும், உண்மையான எழுத்து பின்னால் நடந்துகொண்டிருக்கும். 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை காத்திருங்கள்.

மொட்டைமாடி:

டெர்மினல் பக்கம் போகத் தயக்கம் என்றால் வென்டாய் என்ற பூட் நிரலைப் பாருங்கள். அதை ஒரு முறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே அதில் போட்டுவைத்தால் போதும், வெட்ட வேண்டியதில்லை. என் 64 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11, மின்ட், டெபியன் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. நம்பகமான நிரலை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் முதல் முறை ஒரு நீலத்திரை வந்து, சாவியைப் பதியச் சொல்லும். அதைக் கண்டு பயந்து அணைத்துவிட வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் கோப்பு பழுதில்லாமல் இறங்கியிருக்கிறதா என்று காட்டும் ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ-256 எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். பதிவிறக்கப் பக்கத்திலேயே மொழிவாரியாகப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்.

கும்பகோணம் சர்வீஸ்:

வென்டாய் நல்ல கருவி, நானும் கடையில் வைத்திருக்கிறேன். ஆனால் 20ஆம் தேதி கழுத்தில் நிற்கும்போது, இடையில் இன்னொரு பூட் நிரல் இல்லாத வழியையே நான் சொல்வேன்.

இரவுப்பணி:

அக்காவின் கணினியில் இருப்பது இன்டெல் 11ஆம் தலைமுறையா, அல்லது அதற்குப் பிந்தையதா? அப்படியென்றால் ஒரு முன்னெச்சரிக்கை. அவற்றில் பலவற்றில் விஎம்டி என்ற சேமிப்பக அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் நிறுவி திறக்கும், எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கும், ஆனால் பட்டியல் காலியாக இருக்கும். புது எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்கு ஓடாதீர்கள். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, அதை விரித்து, டிரைவரின் விவரம் அடங்கிய ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் கோப்புறையை அதே பென்டிரைவில் போட்டுவையுங்கள். பட்டியல் காலியாக வந்தால் 'லோட் டிரைவர்' அழுத்தி அதைக் காட்டுங்கள்.

இன்னொன்று. விண்டோஸுடன் விற்கப்பட்ட கணினி என்றால் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும். எஸ்எஸ்டி மாறியதற்காகப் புதிய சாவி வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள்.

சென்னிமலைத் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. 17 இரவு எழுதுகிறேன்.

கும்பகோணம் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எழுந்துபோய் பேக்கப் பென்டிரைவைக் கழற்றினேன். நகலெடுத்து, அதன் மேல் சிவப்பு நூல் கட்டி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

கோப்பு இரண்டு துண்டுகளாக வந்தது. நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டியபின் எஜெக்ட் கொடுத்தேன், பென்டிரைவின் விளக்கு மேலும் ஆறு நிமிடம் துடித்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் பிடுங்கியிருப்பேன். பூட் மெனுவில் இந்த முறை யுஇஎஃப்ஐ என்ற சொல்லுடன் பென்டிரைவின் பெயர் வந்தது. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விண்டோஸின் ஊதா நிறத் திரை வந்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

இரவுப்பணி நண்பரே, 11ஆம் தலைமுறை ஐ5தான். நீங்கள் சொன்னபடியே டிஸ்க் பட்டியல் காலியாக இருந்தது. முன்கூட்டியே படித்திராவிட்டால் எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் புறப்பட்டிருப்பேன். டிரைவரைக் காட்டியதும் 476 ஜிபி என்று வந்தது. சாவி எதையும் கேட்கவில்லை, இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிட்டது.

டாலியில் பேக்கப்பை மீட்டாகிவிட்டது. கடைசி இரண்டு நாள் பதிவுகள் அதில் இல்லை. அக்கா பில் புத்தகங்களை வரவழைத்து இப்போது உள்ளிட்டுக்கொண்டிருக்கிறார், நான் எண்களைப் படித்துச் சொல்கிறேன். ஒரு கடை முடிந்தது, இரண்டாவது கடையில் பாதி வந்திருக்கிறோம்.