வாசற்படியில் நின்றுபோன அப்பா – உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்

செந்தூல்வாசி:
அப்பாவுக்குப் பார்க்கின்சன், உடம்பின் அசைவுகள் மெதுவாகித் தடைப்படும் மூளை நோய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு மறுநாள் காலை, சமையலறை வாசற்படிக்கு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் இரண்டும் தரையை விட்டு எழவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். "இழுக்காதய்யா, விழுந்துடுவேன்" என்றார். குரலே நடுங்கியது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கோலமாவு டப்பாவை எடுத்து வந்து, அவர் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதற்கப்பால் இன்னொன்று, இன்னொன்று. அப்பா கோட்டைப் பார்த்தார், காலைத் தூக்கினார், தாண்டினார். மூன்றையும் தாண்டிப் போய் மேசையில் உட்கார்ந்து தே ஓ (பாலில்லாத தேநீர்) கேட்டார்!

பிசியோதெரபிஸ்ட் பிற்பாடு விளக்கினார். நாம் யோசிக்காமல் நடக்கிற நடைக்கு டோபமைன் என்ற, மூளை நரம்புகளுக்குள் சேதி கடத்தும் வேதிப்பொருள் வேண்டும், அது அப்பாவுக்குக் குறைந்துவிட்டது. கண்ணால் ஒரு கோட்டைப் பார்த்து எடுத்து வைக்கிற அடியை மூளை வேறு வழியாக நடத்திக்கொள்கிறதாம். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. "வாசக் கோலத்த மட்டும் மிதிக்காம சரியா தாண்டுவாரு, பாத்திருக்கேன்" என்றார். நான் இழுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

தண்ணீர்மலைப் பேத்தி:
அண்ணே, உங்கள் டோபமைன் கதையைப் படித்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு 19 வயது, பினாங்கில் படித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப்போக்கு, வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் வாந்தி நிற்க மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டார்கள். ராத்திரி தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கழுத்து திருகியது. அப்புறம் கண்கள் மேலே ஏறிக்கொண்டன. கீழே இறக்கவே முடியவில்லை. சுழல்கிற காற்றாடி மட்டும் தெரிகிறது. எல்லாம் கேட்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, வாய்தான் வரவில்லை. பாட்டி எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி, "ராத்திரியில அந்தப் பக்கம் போகாதன்னு சொன்னேனே" என்று அழுவது காதில் விழுகிறது. இல்லை பாட்டி, நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்லக்கூட முடியாத அந்த நேரம் இருக்கிறதே!

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "இன்னைக்கு என்ன மருந்து எடுத்தீங்க?" ஓர் எதிர் ஊசி. கொஞ்ச நேரத்தில் கண் இறங்கிவிட்டது. அந்த வாந்தி மருந்து மூளையில் டோபமைன் உட்காரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு சேதி கடத்தும் பொருளின் கை ஓங்குகிறது. எதிர் ஊசி அதைத்தான் அடக்கியது. சின்ன வயதுக்காரர்களுக்கு இப்படி ஆவது அதிகமாம். பாட்டி இன்றைக்கும் எலுமிச்சம்பழத்தால்தான் சரியானது என்கிறார். இருக்கட்டும். உங்கள் அப்பாவுக்கு வாந்தி வந்தால் டாக்டரிடம் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள், இந்த மருந்து அவருக்கு ஆகாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமா:
என் அனுபவம் சின்னது. மகனிடமிருந்து போனைப் பிடுங்கினேன், இரண்டு நாள் பேசவில்லை. எல்லாம் இந்த டோபமைன்தான். அதனால் சொல்கிறேன், எல்லாரும் வாரத்தில் ஒரு நாள் போன், டிவி, இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்தி உடம்பிலிருக்கும் டோபமைனை வெளியேற்றுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் வல்லாரைச் சாறு. மாதம் ஒரு முறை நல்லெண்ணெய்க் குளியல். செந்தூல் தம்பி, அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும்போது இரண்டு அவித்த முட்டையும் கொடுங்கள், நரம்புக்குத் தெம்பு. ஆங்கில மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மூலிகைக்கு மாறலாம், மூலிகை கெடுதல் செய்யாது.

கெப்போங் மருந்தாளர்:
மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா நடக்க முடியாமல் நிற்பதே டோபமைன் குறைந்ததால். அதை வெளியேற்றச் சொல்கிறீர்களே! முட்டையும் அந்த நேரத்தில் வேண்டாம். என் மாமனாருக்கு மாத்திரை போட்டும் வேலை செய்யவில்லை என்று ஒரு மாதம் அலைந்தோம். கடைசியில் பார்த்தால் முட்டையோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார். டோபமைனையே விழுங்கினால் மூளைக்குள் போகாது, தடுப்பு இருக்கிறது. மாத்திரையில் இருக்கும் லெவோடோபா உள்ளே போய்த்தான் டோபமைனாக மாறும். முட்டையின் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசலில் முண்டியடிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று மாற்றியதும், மாமனார் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார்.

மூலிகை கெடுதல் செய்யாதா? சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரிலிருந்து எடுப்பது ரெசர்பின், மூளையில் இருக்கும் டோபமைனைக் காலி செய்துவிடும். 1957-ல் சுவீடனில் அர்விட் கார்ல்சனும் கூட இருந்தவர்களும் அதை முயல்களுக்குக் கொடுத்தார்கள், அசையாமல் கிடந்தன. டோபமைனாக மாறும் டோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்துவிட்டன. லெவோடோபா வந்த வழி அதுதான். 2000-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. செந்தூல் அண்ணே, அப்பாவின் மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமா:
முயலும் மனுசனும் ஒன்றா? எங்கள் தாத்தா தோட்டத்தில் 90 வயது வரை பால் மரம் (ரப்பர்) பார்த்தவர், ஒரு மாத்திரை தொட்டதில்லை.

செந்தூல்வாசி:
மாமா, வல்லாரை அம்மா ஏற்கெனவே அரைத்துக் கொடுக்கிறார், சண்டை வேண்டாம். முட்டையை ராத்திரிக்குத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். வாசற்படிக்கு மஞ்சள் டேப் வாங்கி நாலு கோடு ஒட்டினேன், அப்பா நன்றாகத் தாண்டுகிறார். அம்மாவுக்குத்தான் டேப் மேல் நம்பிக்கையில்லை. தினமும் அதன் பக்கத்திலேயே அரிசி மாவில் ஒரு கோடு போட்டு வைக்கிறார். எறும்பு மொய்க்கிறது.