மூத்த போல்ஷெவிக்குகளை அழித்தது ஸ்டாலினா, அவர்களே அமைத்த ஆட்சிமுறையா?

இளமாறன்:
லெனினின் போல்ஷெவிக் கட்சியில் (பின்னாளைய சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி) மூத்த தலைவர்களான ஜினோவியேவ், காமனேவ் 1936 ஆகஸ்டிலும் புகாரின் 1938 மார்ச்சிலும் சுட்டுக்கொல்லப்பட்டதை ஸ்டாலின் என்னும் தனிமனிதரின் கொடுமை என்று முடித்துவிடுவது சரியாகாது. 1922இல் சோசலிசப் புரட்சியாளர் கட்சித் தலைவர்கள் மீதான வழக்கில் தீர்ப்பாயத்துக்குத் தலைமை தாங்கியவர் மூத்த போல்ஷெவிக்கான பியதகோவ். குற்றஞ்சாட்டி வாதிட்டவர்களுள் ஒருவர் இன்னொரு மூத்த போல்ஷெவிக்கான கிரிலென்கோ. முன்னவர் 1937இலும் பின்னவர் 1938இலும் சுடப்பட்டனர். மாற்றுக் கட்சியினரைப் பகைவர்களாக்கித் தண்டிக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் அவர்களே அல்லவா?

வெண்பரிதி:
நண்பர் இளமாறன் வேறுபாட்டைக் காண மறுக்கிறார். 1922 வழக்கு நேர்மையானதன்று. ஆயினும் வெளிநாட்டு சோசலிஸ்டுகள் வழக்கறிஞர்களாக வர முடிந்தது, மரண தண்டனைகளும் நிறுத்திவைக்கப்பட்டன. லெனின்கிராடு கட்சித் தலைவர் கீரோவ் கொலையுண்ட 1934 டிசம்பர் 1 அன்றே பிறந்த சட்டமோ, பத்து நாளில் விசாரணையை முடிக்கவும், வழக்கறிஞரின்றித் தீர்ப்பளிக்கவும், மேல்முறையீடின்றி உடனே கொல்லவும் வழிசெய்தது. அதே ஆண்டு நடந்த பதினேழாம் கட்சி மாநாட்டின் 1,966 பேராளர்களில் 1,108 பேர் பின்னர்க் கைதாயினர் என்று 1956இல், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருசேவ் அறிவித்தார். அவர்களில் மிகப்பலர் ஸ்டாலினை எதிர்த்தவர்களே அல்லர், அவருக்குக் கைதட்டியவர்கள்.

நெய்தலாள்:
இருவரும் ரஷ்யர்களை மட்டுமே பேசுகிறீர்கள். சரோஜினி நாயுடுவின் தம்பி விரேந்திரநாத் சட்டோபாத்யாயா, முதல் உலகப் போரின்போது பெர்லினிலிருந்து இந்திய விடுதலைக்காக இயங்கியவர். லெனின்கிராடில் ஆய்வாளராக இருந்த அவரை 1937 ஜூலையில் கைதுசெய்து செப்டம்பரில் சுட்டார்கள். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது உடனிருந்த அபனி முகர்ஜியும் அதே 1937இல் கொல்லப்பட்டார். இவர்கள் எந்தத் தீர்ப்பாயத்தை நிறுவினார்கள், இளமாறன்?

இளமாறன்:
நிறுவவில்லைதான். அவர்கள் செய்த குற்றத்தை நான் தேடவில்லை. அவர்களுக்காகக் கேள்வி கேட்க ஒருவரும் ஏன் எஞ்சவில்லை என்பதையே கேட்கிறேன். 1921இல் பத்தாம் மாநாடு கட்சிக்குள் உட்குழுக்களைத் தடைசெய்தது. அத்தடையைப் பின்னாளில் கொல்லப்பட்ட பலரும் ஆதரித்தார்கள், பின்னாளில் ஸ்டாலினின் முதன்மை எதிரியான ட்ராட்ஸ்கியும் எதிர்க்கவில்லை. சட்டோபாத்யாயாவைக் கைதுசெய்த நாளில் கட்சிக்குள் குரல் எழுப்பும் வழி ஏற்கெனவே அடைபட்டிருந்தது.

நெய்தலாள்:
வழியை அடைத்த பொறுப்பை அவர்கள்மீது வையுங்கள், மறுக்கவில்லை. ஆனால் கொல்லப்பட வேண்டியோரின் பெயர்களைக் கொண்ட 383 பட்டியல்கள் ஒப்புதலுக்காக அனுப்பப்பட்டது ஸ்டாலினிடம்தான். தாமே தலைமை தாங்கிய தீர்ப்பாயத்தை வைத்துப் பியதகோவின் மரணத்தை விளக்கலாம். அந்தப் பட்டியல்களுக்குக் கிடைத்த ஒப்புதலை அதை வைத்து விளக்க முடியாது.