ஆறாம் வரிசை கம்பாக்ட் ஸ்கீம் போட்டும் பிழை 16 மடங்குதான் குறைகிறது, எங்கே தப்பு?

அலைமாணவி:
வணக்கம். ஒரு பரிமாண ஒலி அலைக்குக் கோட் எழுதியிருக்கிறேன், அழுத்தமும் திசைவேகமும் மட்டும், இரண்டு பக்கமும் சுவர். முதலில் இரண்டாம் வரிசை மைய வேறுபாடு (இரு பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தை வைத்துச் சரிவு கணிப்பது) போட்டபோது துடிப்பு நகர நகர அதன் பின்னால் சின்னச் சின்ன நெளிவுகள் வால் மாதிரி வந்துகொண்டே இருந்தன. லேலேயின் 1992 கட்டுரையில் உள்ள ஆறாம் வரிசை ட்ரைடையகனல் கம்பாக்ட் ஸ்கீமுக்கு, அதாவது அடுத்தடுத்த மூன்று புள்ளிகளின் சரிவுகளை இணைத்து எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்கும் முறைக்கு, மாறினேன் (ஆல்ஃபா 1/3, வலப்பக்கக் குணகங்கள் 14/9, 1/9). வால் போய்விட்டது. ஆனால் ஆறாம் வரிசை என்றால், கிரிட் இடைவெளியை (கணக்கிடும் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை) பாதியாக்கும்போது பிழை 2இன் ஆறாம் அடுக்கு, அதாவது 64 மடங்கு குறைய வேண்டாமா? எத்தனை முறை ஓட்டினாலும் 16 தான். சுவரில் ஒருபக்க மூன்றாம் வரிசைச் சூத்திரம், அடுத்த புள்ளியில் நான்காம் வரிசை பாடே (இதுவும் கம்பாக்ட் வகைதான்), நேரத்தில் முன்னேற ஆர்கே4 (நான்காம் வரிசை ரங்கே-குட்டா), சிஎஃப்எல் (ஒரு நேர அடியில் அலை கடக்கும் தூரம், கிரிட் இடைவெளியில் எத்தனை பங்கு என்பது) 0.5. மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய_ஃபோர்ட்ரான்:
குணகங்கள் சரி. சந்தேகம் இரண்டு இடத்தில். சிஎஃப்எல் மாறாமல் இருந்தால் கிரிட்டோடு நேர அடியும் பாதியாகிறது, ஆர்கே4 நாலாம் வரிசை, அதனால் இடத்தில் 64 கிடைத்தாலும் நேரப் பிழை 16 மடங்கோடு நின்று அதை மறைத்துவிடும். இன்னொன்று சுவர். எல்லையில் ஒரு வரிசை குறைந்தால் தாங்கும் என்று குஸ்டாஃப்சன் 1975லேயே காட்டிவிட்டார், உங்களுக்கு மூன்று குறைகிறது, மொத்தம் நாலுக்கு இறங்கிவிடும். இரண்டுமே 16 தான் தரும், வெறும் எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது. சுவரை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் வளையமாக இணையுங்கள் (அப்போது அணியின் மூலையில் வரும் இரண்டு உறுப்புகளை ஷெர்மன்-மாரிசன் சூத்திரம் வைத்துச் சமாளிக்கலாம், ட்ரைடையகனல் அணியைத் தீர்க்கும் தாமஸ் முறை அப்படியே ஓடும்), அப்புறம் சிஎஃப்எல்லை 0.02க்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள்.

அலைமாணவி:
பார்த்தேன் அண்ணா. வளையத்தில் 0.5 வைத்தால் 16, 0.02 வைத்தால் 64க்குப் பக்கத்தில் வருகிறது! 0.02லேயே சுவரைத் திரும்பப் போட்டால் மறுபடி 16. பிழையை வரைந்து பார்த்தால் துடிப்பு சுவரைத் தொடும் வரை அமைதியாக இருக்கிறது, பட்டுத் திரும்பும்போதுதான் கிளம்புகிறது. அப்படியானால் இரண்டும்தான் காரணம். எல்லையை ஐந்தாம் வரிசை ஆக்கிவிடலாமா?

கரையோரம்:
அவசரப்படாதீர்கள். எல்லையில் வரிசையைக் கூட்டினால் ஸ்கீம் நிலையிழந்துவிடலாம் (பிழை கட்டுக்கடங்காமல் வளரலாம்), கார்பென்டர், காட்லிப், அபர்பனல் மூவரும் 1993ல் இதைத்தான் அலசினார்கள். எல்லை நிபந்தனையையும் சேர்த்து முழு அணியை உருவாக்கி அதன் ஐகன் மதிப்புகளை (தீர்வின் ஒவ்வொரு கூறும் வளருமா தேயுமா என்று சொல்லும் எண்களை) பாருங்கள், ஒன்றின் மெய்ப்பகுதி நேர்மமாக இருந்தாலும் நீண்ட ஓட்டத்தில் அது வெடிக்கும், குறுகிய ஓட்டத்தில் தெரியவே தெரியாது.

என்னைக் கேட்டால் வரிசையை விட, அலைநீளத்துக்கு எத்தனை புள்ளி என்பதுதான் முக்கியம். 8 புள்ளி வைத்தால் இரண்டாம் வரிசையில் அலை கிட்டத்தட்ட 10% மெதுவாகப் போகிறது, நான்காம் வரிசை பாடேயில் 0.23%, உங்களுடையதில் 0.012%. வால் மறைந்தது இதனால்தான், எல்லையில் 3 வைத்திருந்தாலும் இந்த லாபம் உள்ளே அப்படியே இருக்கிறது. நான் இப்போதைக்கு எல்லையைத் தொடாமல் நேர அடியை மட்டும் குறைத்து, துடிப்பை இருநூறு முறையாவது சுவரில் மோதவிட்டு, ஆற்றல் கூடுகிறதா என்று பார்ப்பேன்.