மேப்பிள் ஃப்ரெட்போர்டில் கறுப்பும் களிம்பும்: எண்ணெய் விடலாமா?

நாலுகம்பி (தூத்துக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். சமீபத்தில் பழைய பேஸ் கிட்டார் ஒன்று வாங்கினேன். ஸ்குவயர் கிளாசிக் வைப் 70ஸ் ஜாஸ் பேஸ், மேப்பிள் மர ஃப்ரெட்போர்டு (விரல் வைத்து அழுத்தும் பலகை), அதில் கறுப்பு பிளாக் இன்லே (பதித்த கட்டங்கள்). முன்பு வைத்திருந்தவர் ஓட்டலில் தினமும் வாசித்தவர். பாடியைப் பளபளவென்று வைத்திருக்கிறார், ஃப்ரெட்போர்டுப் பக்கம் மட்டும் துணியே போனதாகத் தெரியவில்லை.

இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து (போர்டில் குறுக்கே அடித்த உலோகக் கம்பி) ஏழு வரை, ஈ, ஏ கம்பிகளுக்குக் கீழே ஒரு கறுப்புப் படலம். ஒவ்வொரு ஃப்ரெட்டை ஒட்டியும் இரண்டு பக்கமும் மை தீட்டினாற்போல் கோடு. சில இடத்தில் பச்சை வேறு. போர்டு முழுக்கக் கொஞ்சம் மஞ்சளாகவும் இருக்கிறது, அதுவும் அழுக்குதானா என்று புரியவில்லை.

எங்கள் சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கும் அண்ணன் லெமன் ஆயில் விடச் சொல்கிறார். அம்மா தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார் (அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து). ஒரு வீடியோவில் ஸ்டீல் வுல் வைத்துப் பரபரவென்று தேய்க்கிறார்கள். எங்கள் ஊரில் உப்புக்காற்று, எனக்குக் கையும் ரொம்ப வியர்க்கும். கேரல் சீசனுக்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். யார் பேச்சைக் கேட்பது?

ஸ்லாப்ராஜா

ப்ரோ, லெமன் ஆயில்தான். ரெண்டு சொட்டு விட்டு பத்து நிமிஷம் கழிச்சு துடைங்க. நான் எப்பவும் அதான் போடுறேன், போர்டு கருகருன்னு மின்னும்.

பட்டறை (சென்னை)

கருகருவென்று மின்னுகிறது என்றால் ஸ்லாப்ராஜா கையில் இருப்பது ரோஸ்வுட். அதற்கு அது சரி. தம்பி கேட்பது மேப்பிள். லெமன் ஆயில் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் விடும் பழக்கமே ரோஸ்வுட், எபனி போர்டுகளிலிருந்து வந்தது. அவற்றை வெறும் மரமாகவே விடுவார்கள். காய்ந்தால் வெளிறும், எப்போதாவது கொஞ்சம் எண்ணெய் கேட்கும். மேப்பிள் வெளிர் மரம், கை பட்ட இடமெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மேலே பூச்சு போட்டுத்தான் அனுப்புவார்கள். 1951-இல் ஃபெண்டர் கம்பெனி முதல் பிரிசிஷன் பேஸைச் செய்தபோதே அப்படித்தான். தனி ஃப்ரெட்போர்டே கிடையாது. நெக் (கிட்டாரின் கழுத்து) முழுக்க ஒரே மேப்பிள் கட்டை, அதில் ஃப்ரெட் அடித்து, ஃப்ரெட்டோடு சேர்த்து லாக்கர் தெளித்தார்கள். (நெக்கின் முதுகில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறதே, அதற்கும் இதுதான் காரணம். முன்பக்கம் ஒட்டுப்பலகை இல்லாததால் டிரஸ் ராடை (நெக் வளையாமல் தாங்கும் உள்கம்பி) பின்னாலிருந்து இறக்கி, வால்நட் துண்டு வைத்து மூடினார்கள்.) அன்றைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெல்லியது. வாசிக்க வாசிக்கத் தேய்ந்து, வியர்வை உள்ளே இறங்கி, மரம் சாம்பல் பூத்துப் போகும். ஐம்பதுகளின் நெக் படங்களைப் பார், விரல் நடமாடிய தடம் அப்படியே தெரியும். 1959-இல் ரோஸ்வுட் போர்டுக்கு மாறினார்கள். எழுபதுகளில் மேப்பிள் போர்டு பரவலாகத் திரும்பி வந்தபோது மேலே இருந்தது தடித்த பாலிப் பூச்சு.

உன் பேஸ் அந்த எழுபதுகளின் சாயலில் செய்தது, பூச்சு பளபளப்பான பாலியூரித்தேன். நீ துடைக்கப்போவது அந்தப் பூச்சைத்தான், மரத்தை இல்லை. விட்ட எண்ணெய் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே நிற்கும், அடுத்த நாள் அதில் தூசி ஒட்டும். தேங்காய் எண்ணெய் அதோடு விடாது, நாளடைவில் காறிப்போய் வாடையும் வரும். அம்மாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பு உன்னுடையது.

மஞ்சளைத் தொடாதே. பழைய லாக்கர் வயதாகி மஞ்சளித்த நிறத்தைக் காட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே பூச்சில் சாயம் சேர்த்திருக்கிறார்கள். அதை அழுக்கு என்று நினைத்து வெள்ளை மரம் வரை தேய்த்த நெக்குகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. திரும்பப் பூச்சடிக்கும் செலவு பேஸ் விலையில் பாதியைத் தொடும்.

முதலில் ஒரு சோதனை. ஜன்னல் ஓரமாகப் போய், போர்டின் மேல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துக்கொண்டு பார். பளபளப்பு ஒரே சீராக ஓடினால் பூச்சு முழுசாக இருக்கிறது. எங்காவது மங்கித் திட்டாகத் தெரிந்தால் அங்கே ஈர விரலால் லேசாகத் தொடு. நீர் முத்தாக நின்றால் பயமில்லை. சட்டென்று கறுத்து உள்ளே இழுத்தால் அங்கே மரம் வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தில் மேற்கொண்டு தண்ணீர் படக்கூடாது.

அப்புறம் வேலை. கம்பிகளை முழுக்கக் கழற்ற வேண்டாம், தளர்த்தி இரண்டிரண்டாக ஓரம் தள்ளினால் போதும். நாலு கம்பியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ இழுவை, அது மொத்தமாகப் போனால் நெக் வளைவு மாறி, பழைய நிலைக்கு வர நேரம் எடுக்கும்.

வியர்வை அழுக்கில் உப்பு ஒரு பங்கு, எண்ணெய்ப்பசை ஒரு பங்கு. உப்பு தண்ணீரில் கரையும், பசை கரையாது. ஒரே திரவத்தால் இரண்டையும் எடுக்கப் பார்ப்பவர்கள்தான் கடைசியில் ஸ்டீல் வுல்லுக்குப் போகிறார்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு. பனியன் வேஸ்ட்டை அதில் நனைத்து, இனி பிழிந்தாலும் சொட்டாது என்கிற அளவுக்குப் பிழிந்து, ஒவ்வொரு ஃப்ரெட் இடைவெளியாகத் துடை. உடனே காய்ந்த துணி. இதிலேயே முக்கால்வாசி போய்விடும், துணி பென்சில் கரி நிறத்துக்கு வரும்.

ஃப்ரெட்டை ஒட்டிய கோடு இதில் போகாது. அது இறந்த தோலும், பசையும், ரவுண்ட்வவுண்ட் கம்பியிலிருந்து (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது) உதிர்ந்த உலோகப் பொடியும் சேர்ந்து இறுகிய படிவு. அதற்கு நாஃப்தா, அதாவது சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற திரவம். துணியில் சில சொட்டு விட்டு அந்தக் கோட்டின் மேல் கொஞ்சம் வைத்திரு, பிறகு மழுங்கிய மூங்கில் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி ஃப்ரெட் ஓரமாகவே இழு. குச்சி முனையில் கறுப்பு மெழுகு மாதிரி சுருண்டு வரும். நாஃப்தா பாலிப் பூச்சையும் ஒன்றும் செய்யாது, நைட்ரோவையும் ஒன்றும் செய்யாது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பு, மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்.

ஹார்டுவேர் கடைத் தின்னரை மட்டும் உள்ளேயே விடாதே. தச்சுவேலைக்கு விற்கும் அந்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நைட்ரோ லாக்கரைக் கரைத்தே விடும், பாலியிலும் விளையாட வேண்டாம். ஸ்பிரிட்டும் நைட்ரோவுக்கு ஆகாது.

பச்சை என்பது களிம்பு. ஃப்ரெட் கம்பிக்கு நிக்கல் சில்வர் என்று பெயர், உள்ளே வெள்ளி துளியும் கிடையாது. பெரும்பங்கு செம்பு, கூட நிக்கலும் துத்தநாகமும். செம்பும் உப்பு வியர்வையும் சேர்ந்தால் பச்சை வராமல் என்ன செய்யும்? நாஃப்தா போட்ட பிறகும் மீதி இருந்தால் ஃப்ரெட்டை மட்டும் தனியாகப் பாலிஷ் செய்யலாம், மரப்பக்கம் இரண்டையும் மறைத்துவிட்டு. மறைக்காமல் மெட்டல் பாலிஷ் போட்டால் அந்தக் கறுப்புச் சேறு பூச்சின் வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது.

ஸ்டீல் வுல் ஏன் கூடாது என்றால், பளபளப்பான பூச்சு கீறி மங்கிவிடும். அதைவிட மோசம், உதிரும் இரும்புத்தூள் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) காந்தத்தில் போய் ஒட்டும்.

நாலுகம்பி

அண்ணா, ரொம்ப நன்றி. ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நீர் முத்தாகத்தான் நின்றது, ஒரே ஒரு இடம் தவிர. ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஏ கம்பிக்குக் கீழே, பச்சரிசி மணி அளவுக்கு ஒரு திட்டு. விரல் பட்டதும் கறுத்தது, காய்ந்த பிறகும் சாம்பலாகவே இருக்கிறது. அதற்குள் எண்ணெய் விட்டால்தானே மரம் காயாது? அங்கே மட்டுமாவது லெமன் ஆயில் போடலாமா?

பட்டறை (சென்னை)

அங்கேதான் போடவே கூடாது. இறங்கிய எண்ணெய் அந்தச் சாம்பலை இன்னும் ஆழமாக்கும், பின்னால் யாராவது அந்த இடத்தில் பூச்சு வைக்க வந்தால் பிடிக்காது.

அரிசி மணி அளவு என்றால் எனக்கு இரண்டு வழிதான் தெரியும். சும்மா விடு, வாசித்ததும் காய்ந்த துணியால் துடை, அவ்வளவுதான். ஆயுள் குறையாது, சத்தமும் மாறாது. இல்லை, கண்ணை உறுத்துகிறது என்றால், நாஃப்தாவால் அந்த இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, மெல்லிய சூப்பர் குளூவைப் பல்குச்சி முனையில் எடுத்துப் புள்ளி வைப்பது. காய்ந்ததும் இன்னொரு புள்ளி. சுற்றியிருக்கும் பூச்சு மட்டத்துக்கு வந்ததும் 1000, 2000 நம்பர் தண்ணீர்க் காகிதத்தால் (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள்) சமப்படுத்திப் பாலிஷ் செய்ய வேண்டும். சொல்ல எளிது. சமப்படுத்தும்போது கை சறுக்கினால் சுற்றியிருக்கும் நல்ல பூச்சும் போகும். கேரலுக்கு முன்னால் இதில் கை வைக்காதே. சாம்பலை வெளுக்க வைக்கவும் முயற்சி செய்யாதே, அது இனி அப்படித்தான்.

திட்டு பெரிதாகிக்கொண்டே போகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார். ஃப்ரெட் ஓரத்தில் பூச்சு மயிரிழையாக வெடித்திருந்தால் வியர்வை அதன் வழியாகத்தான் புகும்.

பனிக்காலபேஸ் (டொராண்டோ)

பட்டறை அண்ணா சொன்னதில் ஒரு விதிவிலக்கு உண்டு, யாராவது வேறு பேஸ் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் உதவும். என்னிடம் இருப்பது மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஸ்பெஷல். அதன் ரோஸ்டட் (சூட்டில் வாட்டிய) மேப்பிள் நெக்கில் பாலியும் இல்லை, லாக்கரும் இல்லை. கன்ஸ்டாக் ஆயில், மேலே மெழுகு. துப்பாக்கிக் கட்டைக்குப் போடும் அதே பூச்சு. இதில் அழுக்கு நேராக மரத்திலேயே ஏறும். நான் இங்கே கிடைக்கும் மர்ஃபி ஆயில் சோப்பைத் துணியில் கொஞ்சமாக எடுத்துத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சுற்று கன்ஸ்டாக் ஆயில், பிறகு மெழுகு போடுகிறேன். கிளாசிக் வைப்புக்கு இது எதுவும் தேவையில்லை.

அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சு காயும்போது சூடு பிறக்கும், சுருட்டி வைத்த துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்துவிட்டோ தண்ணீரில் நனைத்துவிட்டோதான் போட வேண்டும்.

கம்பி விஷயத்தில் அண்ணாவோடு எனக்கு ஒத்துவரவில்லை. நான் நாலையும் கழற்றிவிட்டுத்தான் துடைக்கிறேன், கம்பி மாற்றும் நாளோடு சேர்த்து. ஒரு மணி நேரம் இழுவை இல்லாமல் இருப்பதால் நெக்குக்கு ஒன்றும் ஆவதில்லை, திரும்ப மாட்டி டியூன் செய்தால் பழையபடி நிற்கிறது.

பட்டறை (சென்னை)

கழற்றினால் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை தங்கச்சி. கம்பி மாற்றும் நாள் என்றால் தாராளமாகக் கழற்றலாம். தம்பி பழைய கம்பியையே திரும்ப மாட்டப்போகிறான் என்று நினைத்துச் சொன்னேன். தடித்த ஈ கம்பியை அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினால் முறுக்காணியில் வளைந்த இடத்தில் சுற்றுக் கம்பி பிரிந்துகொள்ளும், விலையும் கொஞ்சமில்லை.

நாலுகம்பி

கம்பியும் மாற்றத்தான் போகிறேன் அண்ணா, பழையது துருவேறிக் கிடக்கிறது. நேற்று ராத்திரி சோப்புத் தண்ணீர் வேலையை மட்டும் முடித்தேன். ஒன்றிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை பளிச்சென்று வந்துவிட்டது, திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் காய்ந்த துணி. லைட்டர் திரவம் இங்கே மளிகைக் கடையில் இல்லை, பஜாரில் பார்க்கிறேன். புதுக் கம்பி வாங்கும்போது வியர்வைக்குக் கோட்டட் (மேலே படலம் பூசியது) வாங்கலாமா, ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா?

பட்டறை (சென்னை)

வியர்வைக்கு இரண்டுமே தாங்கும். ஸ்டெயின்லெஸ் ரவுண்ட்வவுண்ட் உன் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும், சத்தமும் கூர்மை. கேரலில் உன்னோடு ஆர்கனும் வாசிப்பார்கள் என்றால் அந்தக் கூர்மை வேண்டாம், கோட்டட் நிக்கல் 45-105 (கம்பித் தடிமன்) வாங்கு. பையில் ஒரு பனியன் துணி போட்டுவை, வாசித்து முடித்ததும் கம்பிக்கு அடியிலும் விட்டு ஒரு இழுப்பு இழு.