‘தி டெஸ்ட்’ பார்த்தவர்கள் வாங்க: மைதானத்தில் நீங்கள் இருந்த அந்த நாள்

மேற்கு மேடை:

2020 மார்ச். லீட்ஸில் படிப்பை முடித்துவிட்டு வந்து, விருதுநகர் வீட்டு மாடியில் அடைந்து கிடந்தேன். உலகத்தில் எங்கேயும் கிரிக்கெட் கிடையாது. அமேசான் பிரைமில் ஆஸ்திரேலிய அணியைப் பற்றி ‘தி டெஸ்ட்’ என்று எட்டு எபிசோடு வந்திருக்கிறது என்று தம்பி சொன்னான். 2018இல் கேப்டவுன் டெஸ்டில் பந்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டிக்கொண்ட விவகாரத்தில் ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டு தடை, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம். பயிற்சியாளர் போனார், ஜஸ்டின் லாங்கர் வந்தார், டிம் பெயின் கேப்டன். அங்கிருந்து 2019இல் இங்கிலாந்தோடு ஆடிய ஆஷஸ் டெஸ்ட் தொடர் வரைக்கும் டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ளேயே கேமராவை விட்டு எடுத்த தொடர்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாள்தான். 2019 ஆகஸ்ட் 25, லீட்ஸின் ஹெடிங்லி மைதானம், ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். கூடத் தங்கியிருந்தவனுக்கு வயிற்றுக் கோளாறு, டிக்கெட் என் கைக்கு வந்தது. மேற்கு மேடை என்கிற பார்வையாளர் பகுதியில் இடம். அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அது மேடை இல்லை, திருவிழாக் கூட்டம். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 67க்குச் சுருண்டிருந்தது. வெற்றிக்கு 359 வேண்டும். ஸ்டோக்ஸ் முந்தின நாள் மாலை 50 பந்து ஆடி 2 ரன்னோடு நின்றிருந்தார். மதியத்துக்கு மேல் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இன்னும் 73 ரன் பாக்கி. நான் எலுமிச்சை சோற்று டப்பாவைக் கழுவாமலே பைக்குள் வைத்து ஜிப்பையும் போட்டுவிட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் டிவியில் தெரியாத ஒன்று, அந்த அமைதி. இங்கிலாந்தின் கடைசி ஆட்டக்காரர் ஜாக் லீச் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைப்பார். பந்து வீசுகிறவர் ஓடி வருகிற அந்தச் சில நொடி, அத்தனை குடித்த கூட்டமும் மூச்சு விடாது. பந்தைத் தடுத்தார் என்றால் சிக்ஸர் போன மாதிரி ஒரு கத்தல். 76 ரன் கூட்டணியில் அவர் பங்கு 1. இரண்டு ரன் பாக்கி இருக்கும்போது ரன் அவுட் வாய்ப்பு, ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் லயன் கையிலிருந்து பந்து நழுவியது. அடுத்த பந்திலேயே ஸ்டோக்ஸுக்கு எல்.பி.டபிள்யூ கேட்டார்கள், நடுவர் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிடம் ரிவியூவும் மிச்சமில்லை, சற்று முன்தான் லீச்சுக்கு எதிராகக் கேட்டு வீணடித்திருந்தார்கள். கமின்ஸ் ஓவரில் ஸ்டோக்ஸ் வெட்டிய நாலு எல்லையைத் தொட்டபோது, பக்கத்தில் இருந்த யார்க்‌ஷர் பெரியவர் என்னைத் தூக்கியே விட்டார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன்.

ஏழு மாதம் கழித்து மாடியில் உட்கார்ந்து அதே நாளை அந்தப் பக்கத்திலிருந்து, ஆஸ்திரேலிய டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ளிருந்து, பார்க்கிறேன். எங்கள் சத்தம் அங்கே சுவருக்குள் புகுந்து கேட்கிறது. லாங்கர் குப்பைத்தொட்டியை ஓர் உதை விடுகிறார். தொட்டி உருள்கிறது. பிறகு அவரே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே தொண்டையும் அடைத்தது. அந்தச் சாயங்காலம் நான் குதித்துப் போட்ட ஆட்டத்துக்கு அந்தப் பக்கத்தில் இப்படி ஓர் அறை இருந்தது என்று அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அதோடு விடவில்லை. எல்லோரையும் உட்கார வைத்து அந்தக் கடைசி நிமிடங்களைத் திரையில் திரும்பப் போட்டுக் காட்டுகிறார். லயன் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தியா தோற்றால் அப்பா டிவியை அணைத்துவிட்டு இரண்டு நாள் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தைத் தொடமாட்டார். ஆஸ்திரேலியர்கள் இரண்டே வாரத்தில் ஓல்டு டிராஃபோர்டில் 185 ரன்னில் ஜெயித்து கோப்பையைத் தக்கவைத்தார்கள். திரும்பப் போட்டுப் பார்த்ததாலா, ஸ்மித் அடித்த 211ஆலா? நான் ஸ்மித் கட்சி.

உங்களில் யாராவது இப்படி இரண்டு பக்கமும் பார்த்ததுண்டா? எழுதுங்கள்.

பிர்மிங்காம் மச்சான்:

மச்சான், நான் குற்றவாளி. பிர்மிங்காம் எட்ஜ்பாஸ்டன் மைதானம், அதே 2019 ஆகஸ்ட் ஆஷஸ், ஹோலிஸ் ஸ்டாண்ட். கடையில் உப்புத்தாள் வாங்கி நாலாக வெட்டி நண்பர்களுக்கு விநியோகம் செய்ததே நான்தான். வார்னர் 2 ரன்னில் போனபோது ஆட்டுகிறோம் ஆட்டுகிறோம், கை வலிக்க. ஸ்மித்துக்கு ஊளை. அவர் பாட்டுக்கு 144 அடித்தார், இரண்டாவது இன்னிங்ஸில் 142. சாயங்காலம் எங்களுக்கு ஊளையிடத் தொண்டையே இல்லை.

வார்னர் எல்லைக்கோட்டுப் பக்கம் ஃபீல்டிங் நின்றபோது விடாமல் நக்கலடித்தோம். மனுஷன் திரும்பி இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார், ஒன்றும் இல்லை என்று. எங்கள் மேடையே எழுந்து கைதட்டியது. ‘தி டெஸ்ட்’ தொடரில் தடை முடிந்து ஸ்மித்தும் வார்னரும் திரும்ப அணியோடு சேருகிற இடத்தைப் பார்த்தபோது, என் மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிற அந்த உப்புத்தாள் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. தூக்கிப் போடவில்லை. பையனின் பள்ளிக்கூட மரவேலைக்கு உதவியது.

வெள்ளவத்தைப் பிள்ளை:

இரண்டாம் சீசனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. 2022இல ஆஸ்திரேலியாக்காரர் பாகிஸ்தானுக்கும் பிறகு எங்கட இலங்கைக்கும் வந்த கதை அதிலதான் வருது.

பெற்றோல் இல்லாத காலம் அது. அண்ணா இரண்டு இரவு வரிசையில படுத்துக் கிடந்து எடுத்த பெற்றோலை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எண்டு ஒளிச்சு வைச்சிருந்தவர். ஜூன் 24, கடைசி ஒருநாள் ஆட்டம், பிரேமதாச மைதானம். நாங்கள் பஸ்ஸில நசிஞ்சுதான் போனனாங்கள். எல்லாரும் அவையின்ர மஞ்சள் உடுப்பு. தொடரை 3-2 எண்டு நாங்கள் வெண்டிட்டம், கடைசி ஆட்டம் மட்டும் அவைக்கு. ஆனா சனம் மஞ்சள் போட்டது அதுக்காக இல்லை. இந்த நிலையிலும் வராமல் விடேல்லை எண்டதுக்காக. நன்றி எழுதின மட்டைகளைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டம். ஆட்டம் முடிய அவை மைதானத்தைச் சுத்தி வந்து கை காட்டிச்சினம். வீட்டில கரண்ட் இல்லை, மைதானத்தில பகல் மாதிரி வெளிச்சம். அதையும் ஒருத்தரும் மறக்கேல்லை, வரும்போது பஸ்ஸில அதே சண்டைதான். பிறகு அந்த அணி தங்கட பரிசுப் பணத்தை யுனிசெஃப் வழியா இங்கத்தைப் பிள்ளைகளுக்குக் குடுத்தது.

காலியில இரண்டாவது டெஸ்டின் இரண்டாம் நாள் ஜூலை 9. அண்டைக்குத்தான் கொழும்பில சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள போனது. காலிக் கோட்டை மதில் மேலயும் சனம் கொடியோட நிண்டது. அந்த ஆட்டத்தில சந்திமால் ஆட்டமிழக்காமல் 206, முதல் டெஸ்ட் விளையாடின பிரபாத் ஜெயசூரியவுக்கு 12 விக்கெட். அவையின்ர தொடரில அது ஒரு தோல்வி, ஒரு சுற்றுப்பயணத்தின் கடைசிக் கிழமை. அவையின்ர கதைதானே, குறை சொல்லேல்லை. எனக்கு அந்தக் கிழமை வேற படம்.

மெல்பர்ன் மருமகள்:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியமே கதவைத் திறந்து விட்டால் உள்ளே எவ்வளவு அழுக்கு மிச்சம் வைத்திருப்பார்கள்? அவமானப்பட்ட அணியின் பெயரைத் துலக்க எடுத்த படம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் பார்த்தேன், என் மாமனாருக்காக. கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார், 2018 டிசம்பர் 26இல் தொடங்கிய பாக்ஸிங் டே டெஸ்ட், எங்கள் மெல்பர்ன் எம்.சி.ஜி. மைதானம். பூஜாரா ஆடிக்கொண்டிருந்தார். மாமா தூங்கினார். எழுந்தார். பூஜாரா ஆடிக்கொண்டிருந்தார். தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். 319 பந்து, 106 ரன். “இவன்தாம்மா நம்ம ஊர் கல்யாண சமையல்காரன், அவசரமே கிடையாது” என்றார். அந்தத் தொடரை இந்தியா 2-1 என்று ஜெயித்தது, ஆஸ்திரேலியாவில் முதல் முறையாக. பூஜாராவுக்கு மொத்தம் 521 ரன். அந்தப் பக்கத்து முகங்கள் வாடுவதைத் திரையில் பார்க்க மாமாவுக்கு அவ்வளவு ஆனந்தம், மூன்று முறை பின்னால் ஓட்டச் சொன்னார்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் உஸ்மான் கவாஜா லாங்கரிடம் நேராகவே சொல்கிறார், பசங்கள் உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. லாங்கர் முகத்தைப் பாருங்கள். என் பழைய மேலாளரிடம் இதைச் சொல்ல நான் மூன்று வருடம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து, கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவள். 2022 பிப்ரவரியில், டி20 உலகக் கோப்பையும் ஜெயித்து ஆஷஸையும் 4-0 என்று ஜெயித்துக் கொடுத்த பிறகு, லாங்கர் போக வேண்டி வந்ததே, அப்போது எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. துலக்க எடுத்த படத்தில் இதை வெட்டாமல் விட்டவருக்கு என் நன்றி.

அடிலெய்ட் பாத்திரம் கழுவி:

நான் பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லை. 2018 டிசம்பரில் மாணவனாக ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அடிலெய்ட் டெஸ்டில் இந்தியா 31 ரன்னில் ஜெயித்த மறுநாள் காலை, தட்டு எடுக்க சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வீரர், பெயர் வேண்டாம், ஓட்ஸ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் அத்தனை நாற்காலியும் காலி. போன் லாக்கரில், படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது என்பது விதி. கிண்ணத்தை என் கையில் கொடுத்துத் தலையை அசைத்தார். அவ்வளவுதான்.

தொடர் வந்தபோது அடிலெய்ட் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், நான் எங்காவது பின்னால் போகிறேனா என்று. ஒரு தாழ்வாரத்தில் கார்ப்பெட் எங்கள் ஹோட்டல் கார்ப்பெட் மாதிரியே இருந்தது. அம்மாவுக்குக் காட்டினேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

மேற்கு மேடை:

@அடிலெய்ட், எந்த எபிசோடு, எத்தனையாவது நிமிடம்? போட்டுப் பார்க்கிறேன்.

அடிலெய்ட் பாத்திரம் கழுவி:

கேட்காதீங்க அண்ணே. போன வாரம் மறுபடி பார்த்தேன். எங்கள் ஹோட்டலில் கட்டம் போட்டது. அதில் இருப்பது பூப்போட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.