புதுப்பிப்பு: அந்தப் பூட்டு திறந்துவிட்டது

போன கிழமை புலம்பியிருந்தேன் அல்லவா, தபாலில் வரவழைத்த துப்பறியும் புதிர் விளையாட்டில் ஆங்கிலச் சங்கேத எழுத்தில் இருந்த மூன்றாவது கடிதத்தோடு மாட்டிக்கொண்டோம், சின்னப் பூட்டுக்கான நான்கு இலக்கம் கிடைக்கவில்லை என்று. சீசர் முறையில், அதாவது எல்லா எழுத்தையும் அகரவரிசையில் ஒரே அளவு தள்ளி வாசித்து, 25 தள்ளல்களையும் முயன்றாயிற்று. ஒன்றும் சரிவரவில்லை.

நேற்று உப்புவெளியிலிருந்து மச்சாள் வந்தார். கடிதத்தைப் பார்த்ததும், "எழுத்துகளை எண்ணிப் பாத்தீங்களா?" என்றார். இல்லை! ஆங்கிலத்தில் 'ஈ' தான் அதிகம் வரும். ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே மாற்றெழுத்து என்றால், ஏதாவது ஒன்று தூக்கலாக நிற்க வேண்டும். எண்ணினோம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியென்றால் விஜினேர் முறையாக இருக்கலாம் என்றார். அதில் ஒரு திறவுச்சொல்லை வைத்து எழுத்துக்கு எழுத்து வேறு வேறு அளவு தள்ளுவார்கள்.

சரி, திறவுச்சொல் எங்கே? பெட்டியோடு வந்த கடை ரசீதை அலங்காரத்துக்கு வைத்தது என்று ஒதுக்கியிருந்தோம். அம்மா அதன் பின்புறம் மீன் கணக்கு எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார். அதன் வரிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ஹார்பர்'. திருகோணமலைக்காரருக்கு இதைவிடச் சுலபமான சொல் கிடைக்குமா? வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம் பத்து நிமிடத்தில் பூட்டு திறந்தது. குற்றவாளி யார் என்று சொல்லமாட்டேன். பெட்டியை இரவல் கேட்டவர்கள் இருக்கிறீர்கள். எதையும் கிழிக்கவில்லை. ரசீதில் மட்டும் ஒரு கிலோ பாரை, அரைக் கிலோ இறால் என்றிருக்கும், அது துப்பு இல்லை.